மேடம்: ஓர் இல்லற ஆய்வு

போனில் ஓர் அதிகாரியிடம் 10 நிமிடம் பேசியதில் 17 'மேடம்' போட்டேனாம். எண்ணியவர் என் மனைவி. "எனக்கு மட்டும் எப்பவும் 'இந்தாம்மா'தானா?" என்றார். கேள்வியின் ஆழம் கருதி உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன். வெங்காயம் உரிப்பதிலிருந்தும் விலக்குக் கிடைத்தது.

முதலில் எதிர்க்கட்சி வாதம். மேடம் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல்தான்: பழைய பஞ்சாங்க வழக்கில் மேஷ ராசி, அதாவது ஆட்டுக்கடா. இந்தச் சான்றை எந்த அதிகாரியின் மேஜை முன்னும் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே வாதம் தள்ளுபடி.

மெய்யான பிறப்பிடம் பிரெஞ்சு. 'மா தாம்' என்றால் என் தலைவி. இந்தத் 'தாம்', லத்தீனின் 'தோமினா'. அவளோ 'தோமுஸ்' என்கிற வீட்டின் வழி வந்தவள். இல்லிலிருந்து இல்லாள், மனையிலிருந்து மனைவி வந்த அதே கணக்கு. நாம் கல்யாணப் பத்திரிகையில் அடிக்கும் 'தம்பதி'யின் 'தம்'கூட வடமொழியில் வீடுதான். தோமுஸுக்குத் தூரத்து உறவு. ஆக, அலுவலகம் அலுவலகமாக ஏறி, முன்பின் அறியாத பெண்களை 'என் இல்லாளே' என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். (இந்தப் பத்தியை வீட்டில் உரக்கப் படித்தது ஆய்வு முறையில் நேர்ந்த பிழை.)

சொல்லின் சுற்றத்தார் ஏராளம். பாரிஸின் நோத்ர தாம் 'நம் தலைவி'. இத்தாலியின் மடோனா 'என் தலைவி'. பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் ராணிக்குப் பெயர் தாம். 1917 முதல் பிரிட்டனில் 'டேம்' ஒரு பட்டம்; அங்கேயே கிறிஸ்துமஸ் கூத்தில் சேலைக்குப் பதில் கவுன் மாட்டி ஆண் போடும் பெண் வேடத்துக்கும் அதே பெயர். 2012இல் பிரெஞ்சு அரசு தன் படிவங்களிலிருந்து 'மத்முவாசெல்' என்ற கட்டத்தை நீக்கியது. மணமானாலும் ஆகாவிட்டாலும் எல்லாரும் இனி மதாம்.

நம் வழக்குக்கு உதவுவது சொல்லின் தேய்மானம். ஆங்கிலேயர் வாயில் நடு எழுத்து உதிர்ந்து 'மேம்' ஆயிற்று. அது இந்தியாவுக்கு வந்து சாகிபோடு சேர்ந்து மேம்சாகிப் ஆனது. இரண்டாம் எலிசபெத் அரசியிடமே முதல் மரியாதைக்கு அப்புறம் வெறும் 'மேம்'தான் போட்டார்கள். பணிப்பெண்கள் அதையும் தேய்த்து, 'யெஸ்'ஸின் வாலில் ஒரு 'ம்' மட்டும் ஒட்டினார்கள்.

அந்த 'ம்', செய்தித்தாளை விலக்காமல் நான் நாள்தோறும் சொல்லும் அதே 'ம்'. ஆக 22 வருடமாக மனைவியை மேடம் என்றே அழைத்து வந்திருக்கிறேன் என்பது நிறுவப்பட்டது. முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"ம்" என்றார், வெங்காயத் தட்டை என் பக்கம் தள்ளியபடி.