ஒரு பல்தானே!

"கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்ன?" என்று கேட்டே நம் ஊரில் பாதி வேலை நடந்துவிடுகிறது. பஸ் நேரம், கல்யாணப் பந்தி, தையல்காரர் தரும் சட்டை எல்லாம் இந்தக் கேள்விக்குத் தலையாட்டும். படகின் பின்னால் தொங்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினின் டைமிங் பெல்ட் மட்டும் ஆட்டாது. பிடிவாதம் இல்லை, கணக்கு அப்படி. பிஸ்டன் சுழற்றும் கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைப்பது இந்தப் பெல்ட்தான்: கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. கிராங்க் புல்லியில் 20 பல், கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிழை. நிமிடத்துக்கு 5,500 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 46 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் மாப்பிள்ளை தாலியோடு நிற்க, பெண் இன்னும் புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்ற கதைதான். ஒரு பல் என்றால் எஞ்சின் இருமிக்கொண்டாவது ஓடக்கூடும். பல பற்கள் தள்ளிவிட்டால், சில எஞ்சின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும்.

மறுத்துப் பேச ஆள் உண்டு. பழைய டூ-ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். வாஸ்தவம், அதில் வால்வைத் திறக்கும் கேம்மே கிடையாது. பெட்ரோலோடு ஆயிலையும் குடித்துப் புகையாகக் கக்கும், அவ்வளவுதான். சங்கிலி வைத்த எஞ்சின் வாங்கலாமே? சுசுகியின் ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் ஆயிலில் நனையும் சங்கிலிதான். ஆனால் பிரித்துப் பூட்டும் நாளில் அதற்கும் டைமிங் குறிகளைப் பொருத்திப் பார்த்தே ஆகவேண்டும். இன்னொரு யோசனை இவற்றைவிடச் சாமர்த்தியமானது: பழைய பெல்ட்டில் ஒயிட்னரால் கோடு போட்டு, பற்களை எண்ணி, புதியதிலும் அதே இடத்தில் கோடு போட்டு மாட்டுவது. பழையது சரியாக உட்கார்ந்திருந்தால் பிரமாதம். இல்லையென்றால் பக்கத்துப் பெஞ்சுக்காரன் விடைத்தாளைக் காப்பியடித்த கதை. அவன் தப்பும் அட்சரசுத்தமாக வந்து சேரும்.

ஆகவே புல்லியில் உள்ள குறிகளைத்தான் நம்பவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கிராங்க் குறி ஒழுங்காக வந்து நிற்கும். கேம் குறியோ நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். போச்சு, எல்லாம் தப்பு என்று பதறி, சரியாக மாட்டிய பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தால் இரண்டு குறியும் தாமாகவே வந்து சேர்ந்திருக்கும்.