எட்டாம் வள்ளல்

குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். படரக் கொழுகொம்பில்லாத முல்லைக்குத் தேரையே விட்டுவிட்டு வந்தவன் பாரி. கடையெழு வள்ளல்களோடு அந்த வரிசை முடிந்ததென்று பள்ளிக்கூடத்தில் அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சென்னையில், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில், என் நண்பர் ஒருவர் வாழ்கிறார். ஒரு படுக்கையறையையும் அதிலிருந்த ஏசியையும் சர்வர்களுக்கு எழுதிவைத்தவர். அம்மா ஹாலில், மின்விசிறிக்குக் கீழே.

“அந்த ரூம்ல ஓரமா ஒரு பாய் போட்டாக்கூட போதும்ப்பா” என்று ஒரு சித்திரை மாதம் அம்மா கேட்டுப்பார்த்தார். “அந்தச் சத்தத்துல உனக்குத் தூக்கம் வராதும்மா” என்றார் மகன். தாயின் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையுள்ள பிள்ளைகள் இப்போது எத்தனை பேர்?

அறையில் நிற்பது, சர்வர்களை அடுக்கிவைக்கும் 42 யூ ரேக். ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். ஆக, உள்ளுயரமே ஆறடிக்கு மேல். அதில் குடியிருப்பவை ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட, 2012-இல் வெளிவந்த, டெல் பவர்எட்ஜ் ஆர்720 இரண்டு. இருவர் சேர்ந்து தூக்கும் எடை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆறு விசிறி. வயதானவற்றை வீட்டில் ஏசி போட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளும் பண்பு அருகிவரும் காலத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொடை என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது. அவர் பார்ப்பதில்லை, நான் பார்த்தேன். இரண்டு சர்வர், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், யூபிஎஸ் தின்பது எல்லாம் சேர்ந்து, சும்மா நிற்கும்போதே 450 வாட். நாளொன்றுக்கு 10.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 648. வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைப் பத்து நாளுக்குள் ரேக்கே குடித்துவிடும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறும் என்பதால், அம்மா ஓட்டும் மிக்ஸிக்கும் சர்வரின் அந்தஸ்துக்கு ஏற்ற கட்டணம் வந்துவிடுகிறது. அந்த 450 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேதான் இறங்கும். அதை வெளியே தள்ளும் ஏசியின் செலவு தனி.

அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலில் மாலை சூட்டி, நெய் பூசி வைத்திருந்த வேல்களைப் பார்த்து ஒரு பாட்டே பாடினார். இந்த ரேக்கைப் பார்த்திருந்தால் இன்னொரு பாட்டு கிடைத்திருக்கும். நீலக் கேபிள் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், வெல்க்ரோ பட்டையால் கட்டி, வகிடெடுத்துச் சீவியதுபோல் இறங்குகின்றன. கேபிள்களைச் செருகும் 24 துளையுள்ள பேட்ச் பேனலில் ஐந்துக்கு வேலை இருக்கிறது. மிச்சத்துக்கும் லேபிள் ஒட்டியாயிற்று.

இவ்வளவும் என்ன செய்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் பைஹோல் ஒன்று. படம் பார்க்க ஜெல்லிஃபின் ஒன்று. வீட்டில் எல்லோரும் பார்ப்பது யூடியூப். பிறகு, எந்தச் சர்வர் எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்த விசிறி எவ்வளவு வேகம் என்பதை வண்ணக் கோடுகளாகக் காட்டும் கிராஃபானா. ரேக்கின் உழைப்பில் கணிசமான பங்கு, ரேக் நலமாக இருக்கிறதா என்று ரேக்கையே கேட்பதில் போகிறது. தன்னைத் தானே அறிவது எளிதா என்ன?

பைஹோல் இருப்பதால் வீட்டின் இணையம் முழுவதும் சர்வர் வழியாகத்தான் முகவரி கேட்டுப் போக வேண்டும். அவர் திருச்செந்தூர் போயிருந்தபோது சர்வர் உறைந்து நின்றது. மனைவி போனில் கூப்பிட்டார்.

“ஏங்க, நெட்டே வரல. எதை அமுக்கணும்? நாலு பச்சை லைட் எரியுது, ஒண்ணு ஆரஞ்சு.”

“ஆரஞ்சைத் தொடாத.”

“பொண்ணுக்கு ஆன்லைன் டெஸ்ட்டுங்க.”

“ஆரஞ்சைத் தொடாதம்மா. நான் வந்து பாக்கறேன்.”

குடும்பத்தைக் காத்திருக்க வைத்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் காத்த அந்த உறுதியை என்னவென்று புகழ்வது!

மகளின் காதுகுத்துப் படங்கள் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. ‘ரெய்டு போட்டிருக்கேன்’ என்பார். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தால் மற்றவற்றை வைத்து மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த அழிவையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காகப் பதிந்துவைக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில் என்ற பழைய விதியின்படி, வீட்டில் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் தம்பி வீட்டு பீரோவில் இன்னொன்றும் வைத்தால் போதும். ஆனால் அவற்றில் மின்னுகிற லைட் எதுவும் இல்லையே.

இனி மின்சாரம். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்ததைப் பார்த்தவர் அவர். அன்றே முடிவெடுத்து வாங்கியது, அரை மணி நேரம் தாங்கும் ஆன்லைன் யூபிஎஸ். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் 2 மணிக்கு வரும். முதல் அரை மணி நேரத்தை அவர் அணுஅணுவாகப் பாதுகாக்கிறார்.

அந்த அரை மணியும் புது பேட்டரிக்கான கணக்கு. ஈய பேட்டரிக்கு 25 டிகிரிதான் சுகம். அதற்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற ஏற ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இங்கே சர்வருக்கு ஏசி, பேட்டரிப் பெட்டிக்கு மேற்குப் பார்த்த பால்கனி. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை, ஒன்று போனால் இன்னொன்று தாங்குவதற்காக. நான்கு வயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒற்றுமையாகச் செருகப்பட்டிருக்கின்றன. பேட்டரி தீரும் முன் சர்வரைப் பதமாக அணைக்கச் சொல்லும் யூஎஸ்பி கேபிளோ பிரிக்காத கவரில், அலமாரியில், புத்தம்புதிதாக இருக்கிறது. ஆகவே யூபிஎஸ் இல்லாத வீட்டில் 9 மணிக்குப் பொத்தென்று அணைந்திருக்கும் சர்வர், இவர் வீட்டில் ஒன்பதரைக்குள் பொத்தென்று அணைந்துவந்தது. முன்னேற்றம்தான்.

அரை மணி போதவில்லை என்று தோன்றியதும் ஹால் இன்வெர்ட்டரின் லைனை யூபிஎஸ்ஸுக்கு இழுத்தார். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியிலிருந்து நேர்மின்சாரமாகக் கிளம்புவது இன்வெர்ட்டரில் மாறுமின்சாரமாகி, யூபிஎஸ்ஸுக்குள் நேர்மின்சாரமாகி, மறுபடி மாறுமின்சாரமாகி, சர்வருக்குள் நேர்மின்சாரமாகிறது. நான்கு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்தும். முன்பெல்லாம் கரண்ட் வரும்வரை அம்மாவின் விசிறியை ஓட்டிய பேட்டரி, இப்போது பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது. பனையோலை விசிறி வீசிக்கொண்டே அம்மாதான் மாதாமாதம் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார்.

இணையம் வரும் மோடம் ஹாலில், சாதாரண பிளக்கில். பத்துப் பன்னிரண்டு வாட் கேட்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மட்டும் எந்த பேட்டரியும் இல்லை. கரண்ட் போன நிமிடமே அது அணைய, உள்ளே இரண்டு சர்வர்களும் யாரும் எட்ட முடியாத முழு விழிப்பில் இருக்கின்றன.

எல்லா வள்ளலுக்கும் ஒருநாள் தெளிவு பிறக்கும். இவருக்கு அது 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் வழியாகப் பிறந்தது. உள்ளங்கை அகல மினி பிசி, பத்து வாட் அளவில் ஓடும், சத்தமே இல்லை. ரேக்கில் ஓடிய அத்தனையும் ஒரே பெட்டியில் அடங்கின. எளிமைக்குத் திரும்பிவிட்டேன் என்றார், கண் கலங்க. ஒன்றோடு நின்றிருக்கலாம். ஆனால் பல பெட்டிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் கிளஸ்டர் என்று வந்தால் பெரும்பான்மை வாக்குக்கு மூன்றாவது வேண்டும், எனவே மூன்று. அவற்றை அடுக்கப் பத்து அங்குல ரேக் ஒன்று. அதற்கும் அளவான பேட்ச் பேனல், புது வெல்க்ரோ. முப்பது வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்தான், நியாயமான சேமிப்பு. அந்த முப்பது வாட்டைக் காப்பது பழைய ஆன்லைன் யூபிஎஸ்தான். தன்னை ஓட்டிக்கொள்ளவே அது அதைவிட அதிகம் தின்கிறது. ஆர்720-களையும் அணைக்கவில்லை. ‘பேக்கப்புக்கு இருக்கட்டும்’ என்கிறார்.

“அந்தப் பெரிய ரேக்கை மட்டுமாவது எடைக்குப் போட்டா, அம்மா அந்த ரூம்ல படுக்கலாமே” என்றேன்.

“அது எப்படிங்க முடியும்? சின்ன ரேக்கை அதுக்குள்ளதான வெச்சிருக்கேன்” என்றார். “ஆனா மேல இருபது யூ காலியா கிடக்கு. அதைப் பாக்கத்தான் மனசு கேக்கல.”