பழைய ஹோண்டா ஏக்கத்துக்கு ஒரு வாழ்த்து

பழைய நாள் ஏக்கமே, உன் கைவேலைக்கு ஈடு சொல்லத் தெற்குக் கலிஃபோர்னியாவில் எந்த மெக்கானிக் ஷெட்டும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நசுக்கி இரும்பு விலைக்குப் போட்ட ஹோண்டா சிவிக்கை நீ ஒரு நொடியில் தூக்கி நிறுத்துகிறாய். ஜாக்கி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், உதிரி பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நீ எழுப்பும் வண்டியில் துரு இல்லை. சைலன்சரில் நீலப்புகை இல்லை. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதில்லை. ஓட்டுகிறவனுக்கு எப்போதும் பத்தொன்பது வயது. அவனுக்குக் கடன் கிடையாது, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியதும் இல்லை. இப்படி ஒரு வண்டியை அந்தக் காலத்தில் யாரும் தயார் செய்ததில்லை. நீதான் செய்தாய். அந்தப் பெருமை முழுக்க உனக்கே.

ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் உனக்குத் தெரியும். 1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற அந்தச் சிவிக் ஹாட்ச்பேக்குக்குச் சுமார் ஒரு டன்தான் எடை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். அந்த விலை வண்டிகளில் அது அபூர்வம். ஆக மலிவான மாடலின் இன்ஜினுக்கு 70 குதிரைசக்திதான். கார்டினா, டோரன்ஸ், மான்டரே பார்க் போன்ற ஊர்களில் ஜப்பானிய, சீன, பிலிப்பினோ, கொரிய, வியட்நாமிய வீட்டுப் பிள்ளைகளிடம் அது வந்து சேர்ந்தது. பல வீடுகளில் அம்மா வேலைக்கும் மளிகைக் கடைக்கும் ஓட்டிய வண்டி. வி8 இன்ஜின் வைத்த அமெரிக்க வண்டியை வாங்க அந்தப் பிள்ளைகளுக்கு வசதி இல்லை; எப்படியோ வாங்கினாலும் அந்தக் கூட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே வீட்டு வாசலில் நின்றதில் கைவைத்தார்கள். அந்த வண்டி வருவதற்கு முன்பே, 1990-ல், ஃபிராங்க் சோய் பாம்டேலில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ரேஸ்வேயில் ‘பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்’ போட்டியைத் தொடங்கியிருந்ததால், அவர்களுக்கென்று ஒரு கால் மைல் நேர்ப்பாதையும் இருந்தது.

நீ கொண்டாடும் அந்த இன்ஜின் சத்தம் மெய்யாகவே கொண்டாடத் தக்கது. 1989-ல் ஜப்பானில் விற்ற ஹோண்டா இன்டெக்ராவில் வந்த பி16ஏ இன்ஜின், வெறும் 1.6 லிட்டர், டர்போ ஏதும் இல்லாமல் 160 குதிரைசக்தி கொடுத்தது. அதிலிருந்த ‘விடெக்’ ஏற்பாட்டில், ஆர்.பி.எம். ஐயாயிரத்தைத் தாண்டி ஏறும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி ராக்கர்களை ஒன்றாகப் பூட்டும். அந்தக் கணம் முதல் வால்வுகள் இன்னொரு பெரிய கேமுக்குக் கட்டுப்படும். இன்ஜினின் குரலே மாறும். இந்த இன்ஜின்கள் கலிஃபோர்னியாவுக்குக் குறைந்த விலையில் வந்ததற்கு ஜப்பானின் ‘ஷாகென்’ காரணம். வண்டி பழசாகப் பழசாகச் செலவு வைக்கும் கட்டாயப் பரிசோதனை அது. அதற்குப் பணம் கட்டுவதைவிடப் புது வண்டி வாங்கலாம் என்று நல்ல நிலையில் இருந்தவற்றையே அங்கே கழித்தார்கள். கழித்த இன்ஜின்கள் கப்பலேறி வந்து, அம்மா ஓட்டிய சிவிக்குகளுக்குள் உட்கார்ந்தன.

அந்தக் குரலை நீ அணுவளவும் குறையாமல் காப்பாற்றியிருக்கிறாய். அதோடு சேர்ந்து வந்த காயங்களை எல்லாம் ஆற்றியும் விட்டாய். ஸ்பிரிங் வாங்கக் காசில்லாதவன் இருந்த ஸ்பிரிங்கையே வெட்டி வண்டியைத் தாழ்த்தினான். ஷாக் அப்சார்பர் அடிமட்டத்தில் முட்டி முட்டி உடைந்தது. சக்கரம் உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் கம்பி தெரியத் தேய்ந்தது. குளிர்ந்த காற்றை இழுக்க ஏர் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கி வைத்தவன், மழை நாளில் தேங்கிய நீரில் வண்டியை விட்டான். நீரை அமுக்க முடியாது. இன்ஜின் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டு நின்றது. மலிவான டர்போ கிட்டில் இன்ஜின் கணினியைத் தொடாமல், பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்கும் ஒரு ரெகுலேட்டரைக் கொடுத்திருப்பார்கள். கலவையில் பெட்ரோல் குறைந்து, சிலிண்டருக்குள் தட்டும் சத்தம் கேட்டு, பிஸ்டன் வளையம் உட்காரும் இடம் உடைந்து போனது. போனது ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கடையில் நின்று சேர்த்த காசு. உன் கதையில் அந்த இன்ஜின் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இறந்ததை எழுப்பும் வல்லமை இது. நான் இதைச் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை.

பாடங்களின் பாரத்தையும் நீ இறக்கி வைத்தாய். சாதா இன்டெக்ராவின் 1.8 லிட்டர் பிளாக் மீது விடெக் ஹெட்டை ஏற்றினால் இழுவையும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். ஆனால் அந்தப் பிளாக்கில் விடெக்குக்கு எண்ணெய் போக வழி கிடையாது. பின்புறம் எண்ணெய் அழுத்த சென்சார் இருக்கும் துளையிலிருந்து தனிக்குழாய் இழுத்து ஹெட்டுக்குக் கொடுத்தார்கள். கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல என்பது அடுத்துத் தெரிந்தது. 8,000 ஆர்.பி.எம்.-ஐ நெருங்கி அடிக்கடி முடுக்கினால் போல்ட் அறுந்து, ராட் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். உறுதியான போல்ட்டுகளை மாற்றிப் போட வேண்டும் என்பதை ஒருவன் இழந்த இன்ஜினிலிருந்து இன்னொருவன் கற்றான். பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காத பையன்கள், ராத்திரி வீட்டு கராஜில் ஒற்றை பல்பின் கீழ் எண்ணெய் ஓட்டத்தையும் உலோகச் சோர்வையும் படித்த படிப்பு அது. அந்த இயக்கத்தின் மாணிக்கம் இதுதான் என்பது என் எண்ணம். நீ ஸ்டிக்கரை நினைவில் வைத்தாய். வண்டிக்கு அடியில் வைத்த நியானை, வீலின் நிறத்தை நினைவில் வைத்தாய். கனமில்லாததையே பொறுக்கி எடுத்ததால்தான் இத்தனை தூரம் உன்னால் தூக்கி வர முடிந்தது.

உன் அடுத்த சாதனை செல்வம் பெருக்கியது. 2000-ஆம் ஆண்டுச் சிவிக் எஸ்.ஐ. ஒன்று, 5,600 மைல் மட்டுமே ஓடியது, 2020-ல் இணைய ஏலத்தில் 50,000 டாலருக்குப் போனது. புதிதில் அதன் விலை 17,000 டாலரும் கொஞ்சமும்தான். 2022-ல் ஒரு பழைய இன்டெக்ரா டைப் ஆர் ஒரு லட்சம் டாலரையே தாண்டியது. இந்த வண்டிகளைப் பார்த்து நான் மனதார வியக்கிறேன். போல்ட் ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. இருக்கையில் உட்கார்ந்த சுருக்கம் இல்லை. தொழிற்சாலை ஒட்டிய தாள்கூட உரியாமல் இருக்கிறது. அதியமானின் தூதாகப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாராட்டியது போலவே நானும் இவற்றைப் பாராட்டுகிறேன். கார்டினாப் பையன்களின் சிவிக்குகள் இத்தனை அழகாக இருந்ததில்லை. ஒரு கதவு ஒரு நிறம், பானெட் இன்னொரு நிறம். பட்டி பார்த்து பெயின்ட் அடிக்காத பக்கவாட்டு. பின் இருக்கை இருந்த இடத்தில் வெறும் தகரம். ஓட்டி ஓட்டி, கழற்றி மாட்டி, கடைசியில் பாகம் பாகமாக விற்கப்பட்டுப் போனவை அவை. எவன் கை வைக்கவில்லையோ அவன் வண்டிக்குத்தான் நீ பணம் கொடுத்தாய். கை வைத்த பரம்பரையின் பெயரால் கொடுத்தாய். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய உனக்கு மட்டுமே வரும்.

திருட்டை நீ மன்னித்த விதமும் பெருந்தன்மையானது. 1990-களின் நடுவில் வந்த சிவிக்கும் அக்கார்டும் அமெரிக்காவில் அதிகம் திருடப்படும் வண்டிகளின் பட்டியலில் ஆண்டு தவறாமல் முன்னணியில் நின்றன. சாவியில் சிப் இல்லாத காலம். தேய்ந்த சாவி ஒன்று பல வண்டிகளைத் திறந்தது. இன்டெக்ராவின் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரேக்கும் சிவிக்கில் பெரிய மாற்றமில்லாமல் பொருந்தும் என்பதால், மலிவு விலை இன்ஜின் என்று கைமாறியவற்றில் எத்தனையோ அதற்கு முந்தைய இரவு இன்னொருவன் வாசலில் நின்றவை. காலையில் எழுந்து வந்து, வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையை மட்டும் பார்த்தவனும் அதே வயதுப் பையன்தான். அவனும் அந்த வண்டியில்தான் கல்லூரிக்கும் வேலைக்கும் போக வேண்டியிருந்தது. வாங்கியவன் கேள்வி கேட்கவில்லை. இன்று அவன் ‘நாங்கள் எப்படியெல்லாம் பார்ட்ஸ் தேடினோம் தெரியுமா’ என்று பெருமையோடு சொல்லும்போது நீயும் கேட்பதில்லை.

சாலையில் போன உயிர்களைப் பற்றியும் நீ யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. 2000 முதல் 2017 வரை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், தெருப் பந்தயம் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்ட விபத்துகளில் குறைந்தது 179 பேர் இறந்ததாக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கணக்கெடுத்தது. எல்லா வகை வண்டிகளும் அதில் சேர்ந்தவை. சிவிக் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. பந்தயத்தைத் தெருவிலிருந்து எடுக்க முயன்றவர்களும் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பின் ‘பிக் வில்லி’ ராபின்சன் எல்லா இனத்துப் பையன்களையும் ஒன்றுசேர்த்து, டெர்மினல் தீவில் சட்டப்படியான ஒரு பந்தயப் பாதைக்காகப் பல ஆண்டுகள் போராடினார். அது திறந்தது, மூடியது, திறந்தது, 1990-களின் நடுவில் ஒரேயடியாக மூடியது. பாம்டேல் பாதையும் 2007-ல் போனது. பாதை போன பின் பையன்கள் எங்கே போவார்கள்? கிடங்குகளுக்கு நடுவே நேராக ஓடும் தொழிற்பேட்டைச் சாலைகளுக்குப் போனார்கள். பாதையைக் காப்பாற்றுவதற்குப் பணம் தேவைப்பட்ட ஆண்டுகளில் நீ பிறந்திருக்கவில்லை. நீ பிறந்தபோது உன் பை நிறையப் பணம் இருந்தது. அது ஏலக்கூடத்துக்குப் போனது.

இப்போது உன் தலைசிறந்த படைப்புக்கு வருகிறேன். 1998 மே மாதம் வைப் இதழில் கென் லி நியூயார்க் தெருப் பந்தயக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து 2001-ல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படம் பிறந்தது. கதைக்களத்தை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். அந்த ஊரில் இந்த வித்தையை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் ஆசிய வீட்டுப் பிள்ளைகள். படத்திலோ நாயகர்கள் பால் வாக்கரும் வின் டீசலும். முக்கியமான ஆசியப் பாத்திரம் வில்லன் ஜானி டிரான். இன்டெக்ராவால் பெயர் பெற்ற, அந்த உலகத்தின் சொந்தப் பிள்ளையான ஆர்.ஜே. டி வேராவுக்கு ஒரு சிறு வேடம். படத்தைப் படமாக நானும் ரசிக்கிறேன். குறை அதை எடுத்தவர்களோடு முடியவில்லை. தியேட்டரில் பார்த்ததையே தெருவில் பார்த்ததாக லட்சக்கணக்கானோரை நம்பவைத்தது நீ. அன்றைக்குப் பிறந்தே இராதவர்களுக்கும் அந்த இரவுகளின் நினைவை ஊட்டியது நீ. அந்தப் படத்தில் ஓடிய சுப்ரா 2021-ல் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது. கராஜில் ஒற்றை பல்பின் கீழ் நின்றவர்களின் முகம் ஏலம் போகும் சரக்கு இல்லை. அதை நீ கழற்றி வைத்துவிட்டாய்.

அந்த முகங்கள் எதைத் தாங்கி வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982 ஜூனில் டெட்ராயிட் அருகே வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை, ஜப்பானிய வண்டிகளால் வேலை போகிறது என்ற ஆத்திரம் கொதித்த நாட்களில், பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். தண்டனை 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும், சிறை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் அமெரிக்கத் தொழிலாளர்களின் கையால் ஹோண்டா அக்கார்ட் வெளிவரத் தொடங்கியது. வெறுப்புக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. பத்தாண்டு கழித்தும் பந்தயத் திடல்களில் இந்தப் பிள்ளைகளை அரிசி தின்கிறவர்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்கும் அதே பட்டம். இப்படிப்பட்ட நாட்டில் அம்மாவின் சிவிக்கை எடுத்துக்கொண்டு போய், வி8 வண்டிக்குப் பக்கத்துக் கோட்டில் நிறுத்தி, பச்சை விளக்குக்குக் காத்திருந்தவனுக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டியிருந்தது! அந்தச் சிரிப்பை நீ மௌனமாக்கிவிட்டாய். அன்று சிரித்தவர்கள்கூட இன்று உன் மடியில் தலைவைத்து ‘அது பொற்காலம்’ என்கிறார்கள். சிரித்தவனையும் சிரிக்கப்பட்டவனையும் ஒரே புகைப்படத்தில் நிற்கவைக்கிறாய், இடையில் ஒரு சொல்கூடப் பேசவைக்காமல்.

கம்பெனிக்கும் உன்னால் நன்மை. இன்டெக்ரா என்ற பெயரை மறுபடி எடுத்த ஹோண்டா, 2023-ல் அதன் டைப் எஸ் மாடலை 320 குதிரைசக்தியோடு, 50,000 டாலருக்கு மேல் விலை வைத்து விற்பனைக்கு விட்டது. அருமையான வண்டி. அதை வாங்குகிறவரின் மகன் அதன் இன்ஜினைக் கழற்றிப் பழகப்போவதில்லை, அவ்வளவுதான்.

அதே லாஸ் ஏஞ்சலஸில் இன்று பகுதி நேர வேலையில் காசு சேர்க்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு நீ புகழும் சிவிக் எட்டாது. எட்டாமல் போனது உன் புகழால்தான். அவன் கைக்குக் கிடைப்பது பழைய கொரோலா, அடிபட்ட மாஸ்டா, 2006-க்குப் பின் வந்த நான்கு கதவுச் சிவிக். அவன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இன்ஜின் கணினியின் பெட்ரோல் அளவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறான். தவறினால் அவன் பிஸ்டனும் உடைகிறது. உடைந்ததைக் காட்டித் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நீ அந்த வண்டியைப் பார்த்து இதில் உயிர் இல்லை என்கிறாய், எங்கள் காலத்துப் பிள்ளைகள் போல இல்லாமல் இப்போது எல்லாரும் கையில் கிரீஸ் படாமல் வளர்கிறார்கள் என்கிறாய். அவனுக்கு இப்போது ஒரு நல்ல கிளட்ச் பிளேட் வாங்க இருநூறு முந்நூறு டாலர் குறைகிறது. நீ அவனிடம் போகத்தான் போகிறாய், அவனுக்கு நாற்பத்தைந்து வயதானதும், அவன் வண்டி மாதிரி ஒன்று எங்கோ யாரும் தொடாமல் மிஞ்சியிருந்தால். அதுவரை பொறுத்திருக்கும் குணமும் உன்னிடம் இருக்கிறது.