பொங்காத பொங்கல்: பொருட்காட்சிக்குப் பனிக்கட்டியில் விழாக்காட்சி அமைத்தல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பானை, அடுப்பு, கரும்பு, காளை, மேலே சூரியன். ஒரு பொங்கல் காட்சிக்கு இவ்வைந்தும் போதும். களிமண்ணில் செய்தால் காய்ந்து நிற்கும். தெர்மாகோலில் செய்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். ஆயினும் பொருட்காட்சிக் குழுவினருக்கு ‘புதுமையாக ஏதாவது’ என்ற வேட்கை பிறந்துவிட்டால், பனிக்கட்டியிலேயே பொங்கல் வைக்கத் துணிவார்கள். வெயிலுக்கு நன்றி சொல்லும் விழாவை, வெயிலைக் கண்டதும் கரையும் பொருளில் வடிப்பது எங்ஙனம்? இவ்வினாவை யாரும் எழுப்பியதில்லை. எழுப்பவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. ஆய்வு ஒன்றைத் தொடங்க இதைவிடத் தகுந்த காரணம் வேண்டியதில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ருசியப் பேரரசி அன்னா இவானொவ்னா. 1740-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நேவா ஆற்றுப் பனிக்கட்டியைக் கொண்டு புனித பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மாளிகையே எழுப்பச் செய்தார். கட்டில், தலையணை, மரம், மரத்தில் பறவை, வாசலில் பீரங்கி அனைத்தும் பனிக்கட்டி. அங்கே நின்ற யானை பகலில் தண்ணீரையும் இரவில் எரியும் நாஃப்தாவையும் துதிக்கையால் பீய்ச்சியது. நம் ஆய்வுக்கு யானையைவிட முக்கியம் உள்ளே இருந்த கணப்படுப்பு. அதிலிருந்த பனிக்கட்டி விறகின்மீது நாஃப்தாவைத் தடவிக் கொளுத்தினார்கள், எரிந்தது. ஆகவே பனிக்கட்டி அடுப்பு சாத்தியமே என்பது நிறுவப்பட்டுவிட்டது.

அரசவையில் கோமாளியாக்கப்பட்ட ஒரு பிரபுவுக்குக் கேலித் திருமணம் நடத்தி, மணமக்களை அம்மாளிகையில் ஓரிரவு அடைத்துவைக்கவே இத்தனை ஏற்பாடும். உள்ளே இருந்தவர்கள் இருவர் மட்டுமே என்பதைக் குறித்துக்கொள்க, பின்னர் தேவைப்படும். அறிவியல் கழகப் பேராசிரியர் கிராஃப்ட் இம்மாளிகையைப் பற்றி 1741-இல் நூலே எழுதினார். இவ்வகை ஆய்வுகள் வீண்வேலை என்போர் அவரிடம் முறையிடுக.

சீனத்தின் ஹார்பினில் 1963-இல் பனி விளக்குக் கண்காட்சி தொடங்கி, 1985 முதல் அது பெருவிழாவாக நடக்கிறது. பனிக்கட்டியை சோங்ஹுவா ஆற்றிலேயே அறுத்தெடுக்கிறார்கள். இம்முறையைக் கூவத்தில் பின்பற்ற இயலாமைக்கு வெப்பநிலை ஒரு காரணம்.

சென்னையின் பங்கு நுகர்வோடு நின்றது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியை வைக்க 1842-இல் கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அமெரிக்க ஏரிகள் இங்கே வெள்ளைக்காரர் கோப்பைகளில் கரைந்தனவே அன்றி, சிற்பமாகவில்லை.

பொருளும் முறையும்

நமக்குக் கிடைப்பது மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய ஐஸ் கம்பெனியின் 150 கிலோ பார். உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய டப்பாவுக்குள் நீர் வெளிப்புறமிருந்து உள்நோக்கி உறைகிறது. காற்றும் கரைந்த உப்புகளும் நடுவே ஒதுங்கி, பாரின் வயிற்றில் வெள்ளைப் பட்டை விழுகிறது. அயல்நாட்டுச் சிற்பிகள் இதைக் குறை என்று கருதி, நீரைச் சுழலவிட்டு அடியிலிருந்து உறையவைக்கும் எந்திரங்களை வாங்குகிறார்கள். அவர்கள் பொங்கல் வைப்பதில்லை. அந்த வெள்ளைப் பட்டை பானையின் விளிம்புக்கு வருமாறு செதுக்கினால், பால் நுரைத்து வழிவது செலவில்லாமல் கிடைக்கும்.

வண்ணம் கைகொடுக்காது. உறையும் நீர் சாயத்தையும் நடுவே தள்ளிவிடுவதால், செங்கரும்பு தோல் வெளுத்து உள்ளே சிவந்திருக்கும். சூரியனுக்குக் கீழிருந்து எல்.இ.டி. ஒளி பாய்ச்சலாம். பழைய குண்டு பல்பைப் போட்டால், வரலாற்றில் முதன்முறையாகச் சூரியனைச் சூரியனே உருக்கும்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த பாரை உடனே உளியால் தொட்டால் பிளந்துவிடும். மேலே படிந்த உறைபனி மறைந்து கண்ணாடியாகும்வரை காத்திருக்க வேண்டும். துண்டுகளை ஒட்டப் பசை வேண்டாம். இணையும் முகங்களைச் சூடான அலுமினியத் தகட்டில் தேய்த்துச் சமமாக்கி, நடுவே சிறிது நீர் விட்டால், குளிர்ச்சி மீதமிருக்கும் கட்டி தானே பிடித்துக்கொள்ளும்.

கணக்கீடு

ஒரு கிலோ பனிக்கட்டி நீராக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 150 கிலோ பாருக்கு இது ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருவதாகத் தமிழ்நாட்டு அரசு 2016-இல் அறிவித்த 100 யூனிட்டில், ஒரு குடும்பம் ஏழு பார்களை மானியத்திலேயே உருக்கலாம்.

சும்மா நிற்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கூடத்தில் 500 பேர் நின்றால் 50 கிலோவாட். அவ்வளவும் சிற்பத்தையே சேர்ந்தால், நான்கு பார்களாலான பொங்கல் காட்சி ஒரு மணி ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிருந்தே இவ்வாய்வின் மையக் கோட்பாடு பிறக்கிறது: பனிக்கட்டிக் காட்சியின் ஆயுள், அதைக் காண வந்த கூட்டத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். ருசிய மாளிகை நின்றதற்குக் குளிரைக் காரணம் காட்டுவார்கள். உள்ளே இருவரே இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கண்டறிந்தவை

மெல்லிய உறுப்புகள் முதலில் போகும். பருமனோடு ஒப்பிட்டால் அவற்றின் பரப்பு அதிகம். கரும்பின் தோகை முதற்பலி. அடுத்து காளையின் கொம்பு, பிறகு காது, பிறகு திமில். இந்நிலையில் பெயர்ப்பலகை இல்லாவிடில் அது எருமைக்கன்று. வாலும் காலும் ஒட்டிக்கொண்டபின் அது எதுவாகவும் இருக்கலாம்; குழந்தைகள் ‘பன்றி’ என்று துணிந்து சொல்வார்கள், பெற்றோர் அதட்டுவார்கள். பானை மட்டும் கடைசிவரை பானையாகவே இருக்கும். ஆயினும் பொங்குவதற்குப் பதில் ஒழுகும்.

உருகலைத் தீர்மானிக்கும் மாறிகளுள் தலையாயது சிறப்பு விருந்தினரின் வருகை. அழைப்பிதழில் உள்ள நேரத்தை நம்பித் திரையை விலக்கியிருந்தால், அவர் வந்திறங்கும்போது காளை எருமைக்கன்றாகியிருக்கும். குத்துவிளக்கையும் கணக்கில் கொள்க. ஒரு சுடரும் ஒரு மனிதரும் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஐந்து திரிகளை ஏற்றுவது, வாழ்த்துரை வழங்க மேலும் ஐவரை மேடையேற்றுவதற்குச் சமம். சுடர்கள் பேசுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

பரிந்துரைகள்

ஒன்று: கொம்பையும் கரும்பையும் இயற்கை அளவைவிடப் பருமனாகச் செதுக்குக, விருந்தினர் தாமதத்துக்கேற்ப அவை மெலிந்து சரியான அளவுக்கு வரும். இரண்டு: விழாவின் வெற்றியை நுழைவுச்சீட்டால் அளவிடாமல், காட்சிக்கு அடியில் டிரம் வைத்து, மணிக்கு எத்தனை லிட்டர் என்று அளவிடுக. கட்டணம் கட்டிவிட்டுப் பார்க்காமல் போனவர்கள் இதில் சேரமாட்டார்கள். மூன்றாம் நாளும் கொம்பு நிமிர்ந்து நின்றால், விளம்பரப் பிரிவிடம் விளக்கம் கேட்கலாம்.

மூன்று: இருப்புப் பதிவேட்டில் ‘காளை – 1’ என்று எழுதவேண்டாம். ‘நீர் – 250 லிட்டர், தற்சமயம் காளை வடிவில்’ என்று எழுதினால், தணிக்கைக் காலத்தில் காளையைத் தேடும் பல கடிதங்கள் மிச்சமாகும்.