வெந்நீர் ஊரிலிருந்து குளிர்கடலுக்கு

குளிர்ந்த கடலில் முக்குளிக்க உடை வாங்கப் போகிறீர்களா? செலாயாங்கில் குடியிருந்துகொண்டு கிளம்புவது மிகவும் நல்லது. இங்கே தரைக்கடியிலிருந்தே வெந்நீர் வருகிறது. விடியற்காலையில் வெந்நீர்க் குளத்துப் பக்கம் போனால் முட்டிவலிக்காரர்கள் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வாளியில் மொண்டு மொண்டு காலில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். குளிர் என்று நாம் கண்டது இரண்டுதான்: பினாங்கு போகும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் ஏர்கோன், பசார் போரோங்கில் மீன் பெட்டிக்குள் கிடக்கும் ஐஸ். இந்த அனுபவத்தோடு கடைக்குள் நுழைபவரிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம்.

என்னை மாட்டிவிட்டவன் மெல்பர்னில் இருக்கும் அத்தை மகன். "ஜூன்ல வா மச்சான், போர்ட் பிலிப் விரிகுடாவுல ராட்சதச் சிலந்தி நண்டுங்க ஆயிரக்கணக்குல வந்து கூடும், ஓடு கழட்டுறதுக்கு. ஜெட்டிக்குக் கீழேயே பார்க்கலாம்" என்றான். டிக்கெட் எடுத்த பிறகுதான் தண்ணீர் 12 டிகிரியை ஒட்டி இருக்கும் என்றான். பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும் 29 டிகிரித் தண்ணீரில் வெறும் டி-சட்டையோடு இறங்கிப் பழகிய உடம்பு என்னுடையது.

ஆகவே முதல் ஆலோசனை: உறவுக்காரர்களிடம் டிகிரியை முதலில் கேளுங்கள், நண்டைப் பிறகு கேட்கலாம்.

டிகிரி தெரிந்தால் தடிமன் தெரிந்துவிடும். நம்மூர்த் தண்ணீருக்கு 3 மில்லிமீட்டரே தாராளம். 20 டிகிரிப் பக்கம் 5. பத்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே 7. அதோடு தலைக்குக் குல்லா, கையுறை, காலணி. பத்துக்கும் கீழே என்றால் தண்ணீரே உள்ளே வராத உலர் உடை. அதன் விலையைக் கேட்டாலே உடம்பு சூடாகிவிடும் என்பதால் அதுவும் ஒருவகையில் வேலை செய்கிறது.

மற்ற உடைகளுக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காப்பாற்றுகிறது என்று கடைக்காரர் சொல்வார். தலையாட்டுங்கள், நம்பாதீர்கள். காப்பாற்றுவது உடையின் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள். 1952-ல் பெர்க்லியில் இருந்த ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கண்டுகொண்டது இதைத்தான்: ஆள் நனைந்தால் பரவாயில்லை, துணிக்குள் வாயு இருந்தால் போதும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக நம் சூட்டை உறிஞ்சும். நடுவே குமிழிகள் நின்று தடுக்கின்றன. உப்பிய இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே இட்லியை உள்ளங்கையால் அமுக்கினால் என்ன ஆகும்? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, குமிழிகள் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய 7 மில்லியில் நல்ல பங்கு அங்கே காணாமல் போகும். மேலே மிதக்க வைத்த உடை கீழே மிதக்க வைக்காது என்பதால் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளின் கணக்கும் மாறும்.

தடிமனை விட அளவு முக்கியம். "கொஞ்சம் லூசா இருக்கட்டும், தீபாவளிக்குப் பிறகு உடம்பு வைக்கும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தீர்களோ, முடிந்தது கதை. ஒவ்வொரு உதைக்கும் பழைய தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். முதுகுப் பள்ளத்தில் யாரோ ஐஸ் கச்சாங் ஊற்றிக்கொண்டே இருப்பது போல இருக்கும். கையை மேலே தூக்குங்கள். அக்குளிலும் இடுப்புக்குப் பின்னாலும் துணி உப்பக் கூடாது. கழுத்து இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசும் அளவுக்கு மூச்சு மிச்சம் வேண்டும். தையலையும் புரட்டிப் பாருங்கள்: ஊசி மறுபக்கம் வரை துளைத்திருந்தால் அத்தனையும் தண்ணீர் வரும் வாசல். ஒட்டிவிட்டு, பாதி ஆழத்துக்கு மட்டும் தைத்ததே குளிருக்கு ஆகும்.

போட்டுப் பார்ப்பதற்குக் கடையில் கொடுக்கும் அறை நம் வீட்டு அலமாரி அளவுதான். ஒரு தந்திரம் சொல்கிறேன், இது விளையாட்டில்லை: கால் பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. நான் பசார் மீன் பையைக் கொண்டுபோனேன். நீங்கள் வேறு பை கொண்டுபோங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாட்டியிடம் காட்டினேன். ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். பெரட்டுக்கு நாலரை மணிக்கு எழுந்த பழக்கம் இன்னும் விடவில்லை. உடையின் கையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், விட்டார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏன்டா, இது நம்ம மரத்துப் பால் இல்லையே. நாறவே இல்ல. அப்புறம் என்ன ரப்பரு?"

ஒட்டுப்பால் வாடையில் வாழ்ந்தவரை ஏமாற்ற முடியுமா? இந்த உடையின் ரப்பரான நியோப்ரீன் 1930-ல் டியூபான்ட் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்தது. மரமும் இல்லை, மங்கும் இல்லை. இப்போது மரப்பாலிலேயே உடை செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். "வெட்டுறவனுக்கு என்ன கூலியாம்?" என்று கேட்டுவிட்டுச் சாமி விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

மெல்பர்ன் போய் நண்டுகளைப் பார்த்தேன். அவை அவசரமில்லாமல் பழைய ஓட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. நான் என் ஓட்டை விட்டு வெளியே வர மூன்று பேர் இழுக்க வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த நீரில் இரத்தம் உடம்பின் நடுவுக்கு ஒதுங்க, சிறுநீரகம் அதைத் தண்ணீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். முக்குளிப்பவர்களில் உடைக்குள்ளேயே போகிறவர்கள் ஒரு வகை, அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை என்பார்கள். வாடகை உடை எடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளவும்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அகலமான ஹேங்கரில் நிழலில் மாட்டுங்கள். கார் பூட்டில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்; நம்மூர் வெயிலில் பசை விட்டுப்போகும். நான் ஐந்தாம் மாடி பால்கனியில் இரவில் மாட்டினேன். காலையில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா கறுப்பாக ஒரு ஆள் தொங்குவதைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் இரண்டு மாடிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

பாட்டிதான் போய் உடையைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து ஒருமுறை மோந்தார்.

"இப்பத்தான்டா ரப்பர் மாதிரி இருக்கு."