மாப்பிள்ளை வாங்கி வந்த ஜாக்கி

மாப்ளே, உங்க வீட்டுத் திண்ணையில பட்டுத்துணி விரிச்சு, அதுமேல ஒரு இரும்பை வச்சிருக்கீங்களாமே! வெள்ளைக்காரன் பட்டாளத்துல மோட்டார் சைக்கிள் பஞ்சரானா ரோட்டோரமே தூக்கி நிறுத்துற ஜாக்கியாம். தேடினாலும் கிடைக்காத சாமானாம். கடைக்காரன் சொன்னானாக்கும். சொல்லும்போது அவன் இரும்பைப் பாத்தானா, உங்க சட்டைப் பையைப் பாத்தானா? பழைய இரும்புக்கடையில எந்தச் சாமானுக்கும் நிரந்தரப் பேர் கிடையாது. எடைக்கு வாங்குறவன் வந்தா அது வெறும் பட்டை இரும்பு. பழைய வண்டிப் பித்துப் பிடிச்சவன் வந்தா ராணுவ ஜாக்கி.

கோவிச்சுக்காதீங்க. மாமன் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்கிடலாம்.

ஜாக்கின்னா முதல்ல மரையைப் பாக்கணும். போல்ட்டுல ஓடுறது கூர் மரை. அது இறுக்கிப் பிடிக்க. பாரம் தூக்குறதுல ஓடுறது பட்டையா, சதுரமா வெட்டின மரை. கையை எடுத்தாலும் சுமை தன்னால இறங்காது. லாரிக்காரன் ஜாக்கியை எப்பவாவது குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மரை இல்லேன்னா பல்லாவது இருக்கணும், இல்லே நெம்புறதுக்கு ஒரு கோலாவது இருக்கணும். உங்க இரும்புல மூணும் இல்லை. அப்புறம் எதை வச்சுத் தூக்குவான் அந்தப் பட்டாளத்தான், மந்திரத்தாலயா?

சரி, தலையைப் பாருங்க. வண்டி ஃப்ரேம் உருண்டைக் குழாய். அது நழுவாம உக்கார, ஜாக்கித் தலையில குழிவு வேணும். அதுவும் இல்லை. போகட்டும், குழிவே இருந்தாலும் உங்க அப்பா வச்சிட்டுப்போன புல்லட்டுக்கு அது ஆகாது. பழைய புல்லட்டுக்கு வயித்துக்கு அடியில குழாயே கிடையாது. முன்னால இறங்குற ஒத்தைக் குழாய் எஞ்சினோட முடிஞ்சுபோகும். அங்கேயிருந்து எஞ்சின்தான் ஃப்ரேம் வேலையையும் பாக்குது. அடியில ஜாக்கி கொடுத்தா அது போய் முட்டுற இடம் அலுமினிய கிராங்க் கேஸ். பஞ்சர் ஒட்டப் போன மனுசன், விரிசல் விட்ட கேஸுக்கு வெல்டிங் பட்டறையைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அம்புக்குறி இருக்கேன்னு கேப்பீங்க. வாஸ்தவம், இங்கிலாந்துக்காரன் தன் சர்க்கார் சாமான்ல அம்பு முனை மாதிரி மூணு கோடு அடிப்பான். ஆனா மாப்ளே, மூணே கோடு! உளியும் சுத்தியலும் வச்சிருக்கிற எவனுக்கும் அது கால் நிமிச வேலை. கோடு போட்ட பள்ளத்துலயும் மத்த இடத்துலயும் ஒரே வயசுத் துரு இருக்கான்னு பாத்தீங்களா? உங்க இரும்புல பள்ளம் மட்டும் பளபளன்னு சிரிக்குது.

கூடவே ஒரு ஸ்பேனரும் தள்ளிவிட்டானாமே. 3/8னு அடிச்சிருக்கு, வாயை அளந்தா முக்கால் இஞ்சுக்குக் கிட்ட வருது, இது ராணுவ ரகசியக் குறியான்னு கேட்டீங்களாம். அது ரகசியமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. விட்வொர்த்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1841-ல மரைக்கு அளவு வகுத்தார், கோணம் 55 டிகிரின்னு. அந்தக் கணக்கு ஸ்பேனர்ல அடிக்கிற எண் போல்ட்டோட தண்டு அளவு. ஸ்பேனர் வாயளவு இல்லை. அந்த ஸ்பேனர் மட்டும் அசல். பத்திரமா வைங்க. உங்க வண்டி நட்டுகளைப் பொருந்தாத ஸ்பேனர் போட்டு மொழுக்கினது போதும்.

இப்ப ஜாக்கிக்கு வருவோம். பட்டையான இரும்பு, ப எழுத்து மாதிரி பானாவா வளைச்சிருக்கு. ரெண்டு காதுலயும் ஓட்டை. வளைவுல இன்னொரு போல்ட் ஓட்டை. எங்கே தேய்ஞ்சிருக்கு? காது ஓட்டைகள் நீளவாக்குல இழுத்திருக்கு, வளைவோட அடிப்பக்கம் தரையில உரசித் தேய்ஞ்சிருக்கு. அப்படின்னா அது காதுல தொங்கி ஆடின சாமான், அடி தரையில ஊனின சாமான். தூக்கினது இல்லை, தாங்கினது. மாப்ளே, அது முன் ஸ்டாண்டு!

அந்தக் காலத்து வண்டி பலதுக்கும் இப்ப இருக்கிற நடு ஸ்டாண்டு கிடையாது. பின் சக்கரத்துக்குப் பின்னால மட்கார்டுல ஒரு ஸ்டாண்டு மாட்டியிருக்கும். அதைக் கீழே இறக்கி, வண்டியைப் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தா பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். குதிரை லாட ஆணி கொட்டிக் கிடந்த ரோட்டுல பஞ்சருக்கா பஞ்சம்? முன் சக்கரத்துக்குத்தான் இந்தப் பானா. சும்மா இருக்கிற நேரம் அது மட்கார்டைத் தாங்குற கம்பி. பஞ்சரான நேரம் கீழ் போல்ட்டைக் கழட்டி, சக்கரத்துக்கு அடியில திருப்பிக் கொண்டுவந்து ஊனினா ஸ்டாண்டு. இடத்தை அடைக்காது, பெட்டியில கிடந்து தொலையாது, நினைச்சவன் கெட்டிக்காரன். யுத்த காலத்துல பட்டாளம் ஓட்டின பிஎஸ்ஏ எம் 20, நார்ட்டன் 16எச் ரெண்டுலயும் முன் ஸ்டாண்டு உண்டு. எம் 20 மட்டும் லட்சத்துக்கு மேல செஞ்சிருக்கான். அப்புறம் எங்கேயிருந்து வந்துச்சு அபூர்வம்? பெட்டியில தனி ஜாக்கி வேணும்னா அது சைடுகார் கட்டினவனுக்கு. மூணாம் சக்கரத்துக்கு ஸ்டாண்டு இல்லைல்லா.

இனிமேதான் உங்களுக்கு வயித்தெரிச்சல். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச் ஊர்ல புல்லட் செஞ்ச கம்பெனிக்காரன் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேந்து திருவொற்றியூர் புல்லட்டுக்கு வழி பண்ணினானே, அந்தப் பழைய அச்சு வண்டியிலயும் முன் மட்கார்டு கீழ்க்கம்பி இதே வேலைதான் பாத்துச்சு. உங்க அப்பா வண்டியில அது இன்னும் இருக்கு, நீங்களே போன மாசம் அதுக்குப் பெயிண்டு அடிச்சீங்க. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க, அதுவும் பஸ் சார்ஜ் கொடுத்து.

ஒண்ணு சொல்லிடறேன். ஊனுறதா இருந்தா மொதல்ல வண்டியை நடு ஸ்டாண்டுல நிறுத்தணும். சித்திரை வெயில்ல தார் இளகிக் கிடக்கும். ஸ்டாண்டுக்கு அடியில பலகை கொடுக்கணும், இல்லேன்னா வண்டி சாஞ்சு உங்க கால்மேலதான் படுக்கும்.

இன்னைக்கே அந்தக் கீழ் போல்ட்டைக் கழட்டி ஒருதரம் ஊனிப் பாருங்க. அதுக்கப்புறமும் அடுத்த ஜாக்கி வாங்கத்தான் போவீங்கன்னா, போற வழியில நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு வாங்க. தொழுவத்துல ஒரு பழைய கொழு கிடக்கு. அந்தக் கடைக்காரன்கிட்ட கொடுங்க, விமானப்படைச் சாமான்னு நல்ல விலைக்கு வித்துக் கொடுப்பான்.