மூவாயிரம் டக்கட்டும் ஒரு ராத்தல் சதையும்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் வணிகன் என்பது ஷைலக்தானே?

பதில்: இல்லை, அந்தோனியோ. ஷைலக் வட்டிக்குக் கொடுப்பவர். இருபது காட்சிகள் உள்ள நாடகத்தில் அவர் மேடைக்கு வருவது ஐந்தே காட்சிகளில். கடைசி அங்கத்தில் அவர் நிழல்கூட விழாது. ஆனாலும் உங்கள் குழப்பத்துக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1598இல் லண்டன் புத்தக வணிகர் சங்கப் பதிவேட்டில் இந்த நாடகத்தைப் பதியும்போதே, 'வெனிஸ் யூதன்' என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு என்று எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அந்தோனியோவின் நண்பன் பஸ்ஸானியோ காதலித்தது போர்ஷியாவையா, அவள் சொத்தையா?

பதில்: முதல் காட்சியில் அவன் அந்தோனியோவிடம் பேசும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தன் கடன்களைச் சொல்கிறான். அடுத்து, பெல்மாண்டில் பெரும் சொத்துக்கு வாரிசாக ஒரு பெண் இருப்பதைச் சொல்கிறான். பிறகு அவள் அழகு, அதற்கும் பிறகு குணம். சொத்தில் தொடங்கிய காதல் அது. பின்னால் உண்மையாகவே கனிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளை மணக்கத் தேர்ந்தெடுக்க வேண்டிய தங்கம், வெள்ளி, ஈயம் என்ற மூன்று பெட்டிகளின் முன்னால் நின்று, வெளிப் பகட்டை நம்பக் கூடாது என்று நீளமாகப் பேசி ஈயத்தைத் தொடுகிறானே, அவனே கடன் வாங்கிய பணத்தில் வேலைக்காரர்களுக்குப் புதுச் சீருடை மாட்டி, விலையுயர்ந்த பரிசுகளோடு வந்திறங்கியவன்தான். அந்தப் பகட்டுக்குப் பிணையாக நண்பனின் உடம்பு வெனிஸில் ஷைலக்கிடம் அடமானத்தில் இருக்கிறது: கடன் திரும்பாவிட்டால் ஒரு ராத்தல் சதை.

கேள்வி: போர்ஷியாவைப் பெண் விடுதலையின் அடையாளம் என்கிறார்களே?

பதில்: அந்த மேடையிலேயே கூர்மையான மூளை அவளுடையது. இருந்தும் கணவனைத் தேர்ந்தெடுக்கவும் உரிமையில்லை, வேண்டாம் என்று மறுக்கவும் உரிமையில்லை. செத்துப்போன தந்தையின் பெட்டிகள் முடிவு செய்கின்றன. திருமணம் நிச்சயமானதும் வீடு, வேலையாட்கள், தன்னையே கூட பஸ்ஸானியோவிடம் ஒப்படைத்துவிடுகிறாள். நீதிமன்றத்தில் பேசுவதற்கு ஆண் வேடம் போட வேண்டியிருக்கிறது. இதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: அவளிடம் குறையே இல்லையா?

பதில்: மொராக்கோ இளவரசனைக் கேளுங்கள். என் நிறத்துக்காக என்னை வெறுக்காதே என்று வேண்டிக்கொண்டுதான் அவன் பேசவே ஆரம்பிக்கிறான். அவன் தங்கப் பெட்டியைத் திறந்து தோற்றுப் போனதும், அந்த நிறத்தவர் எல்லோரும் இப்படியே தேர்ந்தெடுக்கட்டும் என்று போர்ஷியா நிம்மதியடைகிறாள். கருணையைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் பேச்சைப் பேசப் போவதும் இதே வாய்தான். நடிக்கும்போது அந்த வரியை வெட்டக் கூடாது.

கேள்வி: ஷைலக் வெறும் பணப்பேய்தானே?

பதில்: பணப்பேய் என்றால் மூவாயிரம் டக்கட் கடனுக்கு ஆறாயிரம் தருகிறோம் என்று நீதிமன்றத்தில் சொன்னபோதே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் வேண்டாம் என்கிறார். அந்த இடத்தில் அவருக்குப் பணம் பொருட்டே இல்லை.

கடன் கேட்கும் காட்சிக்குப் போங்கள். பலர் கூடும் ரியால்டோ கடைவீதியில் அந்தோனியோ அவரை நாய் என்று திட்டியிருக்கிறான், காறி உமிழ்ந்திருக்கிறான், காலால் உதைத்திருக்கிறான். அதை ஷைலக் நினைவுபடுத்தும்போது அவன் வெட்கப்படவில்லை. இனியும் உமிழ்வேன், நண்பனுக்குக் கொடுப்பதாக நினைக்காதே, எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்தே கொடு என்கிறான். நாடகத்தின் நல்ல மனிதன் பேசும் பேச்சு இது. வெனிஸ் அரசு 1516இல் யூதர்களை ஒரு தீவுப் பகுதிக்குள் அடைத்தது. இரவில் கதவைப் பூட்டினார்கள், காவலுக்கான கூலியையும் யூதர்களிடமே வாங்கினார்கள். பெரும்பாலான தொழில்களை அவர்களுக்கு மூடிவிட்டு, கிறிஸ்தவர்கள் பாவம் என்று ஒதுக்கிய வட்டித் தொழிலைக் கையில் கொடுத்தார்கள். பிறகு, வட்டி வாங்குகிறான் என்று துப்பினார்கள்.

மகளும் பணமும் ஒன்றாகப் போனதென்று ஷைலக் தெருவில் அலறியதாக ஒரு காட்சி பிரபலம். அதை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. அவரைக் கேலி செய்பவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நாம் நேரில் பார்ப்பது வேறு. மகள் ஜெசிக்கா தன் காதலன் லொரென்ஸோவோடு ஓடும்போது எடுத்துப்போன மோதிரத்தைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கிவிட்டாள் என்று செய்தி வருகிறது. மணமாவதற்கு முன்பு மனைவி லியா தனக்குத் தந்த மோதிரம் அது என்று ஷைலக் சொல்கிறார். லியாவைப் பற்றி வேறு எங்கும் ஒரு சொல் இல்லை. அந்த ஒரே இடத்தில் வட்டிக்கடைக்காரருக்குள் இருக்கும் கணவன் தெரிகிறார்.

அதே காட்சியில்தான், மகள் காலடியில் செத்துக் கிடந்தாலும் நகை அவள் காதில் இருந்தால் போதும் என்றும் கத்துகிறார். கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா என்ற பொருளில் அவர் கேட்கும் கேள்விகளும் அங்கேதான். அந்தக் கேள்விகள் அத்தனையும் நியாயம், அவற்றிலிருந்து அவர் இழுத்து வரும் முடிவு பழிவாங்கல். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: நீதிமன்றத் தீர்ப்பு சரியா?

பதில்: கத்தியைப் பிடுங்கியது சரி. சதையை எடு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாதே என்ற போர்ஷியாவின் வாதம் ஓர் உயிரைக் காப்பாற்றியது, அதற்கு நானும் கைதட்டுவேன். அதற்குப் பிறகு நடந்தது அநீதி. ஷைலக்கின் சொத்தில் ஒரு பாதி லொரென்ஸோவுக்காக அந்தோனியோவின் பொறுப்புக்குப் போகிறது. செத்த பிறகு மிச்சமும் மகளுக்கும் மருமகனுக்குமே. கூடவே மதம் மாற வேண்டும். அந்தோனியோ இதைச் சலுகையாகக் கேட்கிறான், ஆன்மாவுக்குக் கிடைத்த கருணை என்று அன்றைய ரசிகர்களும் நினைத்திருக்கலாம். ஒரு மனிதனிடம் மிச்சமிருந்த கடைசிச் சொத்தையும் பறித்ததாகவே நான் படிக்கிறேன். மேலும், தீர்ப்பு சொன்ன 'சட்ட அறிஞர்' பிரதிவாதியின் நண்பனுக்கு மனைவி!

அந்தக் காட்சியில் எல்லோரும் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளைக் கழுதை போல நடத்துகிறீர்கள், விடுவியுங்கள் என்றால் எங்கள் சொத்து என்பீர்கள், இந்தச் சதையும் நான் விலைக்கு வாங்கியதுதான் என்கிறார் ஷைலக். வெனிஸின் கனவான்களில் ஒருவர்கூட அதற்குப் பதில் சொல்வதில்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியருக்கு யூதர்களைத் தெரியுமா?

பதில்: 1290இல் முதலாம் எட்வர்ட் அவர்களை இங்கிலாந்தை விட்டே துரத்திவிட்டார். கிராம்வெல் காலத்தில் 1656இல்தான் மறுபடி அனுமதி. இடையில் லண்டனில் மறைவாக வாழ்ந்தவர்கள் சிலரே. அரசி எலிசபெத்தின் மருத்துவர் ரொடெரிகோ லோபெஸ், யூத வம்சத்தில் வந்தவர், 1594இல் சதிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். ஊர் யூத வெறுப்பில் கொதித்திருந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட நாடகம் இது.

கேள்வி: வட்டி?

பதில்: அது வீட்டிலேயே தெரியும். ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் மீது 1570இல் அதிக வட்டி வாங்கியதாக வழக்கு வந்தது. ஷேக்ஸ்பியருக்கு எழுதப்பட்ட கடிதங்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1598இல் ரிச்சர்ட் குவைனி என்ற ஊர்க்காரர் 30 பவுண்டு கடன் கேட்டு எழுதியது!

கேள்வி: தமிழில் வந்திருக்கிறதா?

பதில்: பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தழுவி எழுதினார். 1940இல் செருகளத்தூர் சாமா நடித்து 'ஷைலக்' என்று படமாகவும் வந்தது.

கேள்வி: இது இன்பியல் நாடகமா? வெறுப்பை வளர்ப்பதாகச் சொல்லி, பாடத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்களே?

பதில்: 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இன்பியல் வரிசையில்தான் இருக்கிறது. மூன்று ஜோடிகள் சேர்கின்றன, மனைவியர் தந்த மோதிரங்களைக் கணவன்மார் கொடுத்துவிட்டதால் வந்த சண்டை நிலவொளியில் தீர்கிறது. அந்தோனியோ மட்டும் கடைசிவரை துணையில்லாமல் நிற்கிறான்.

வெறுப்புக்கு இதைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. 1943இல் நாஜிகளின் பிடியில் இருந்த வியன்னாவில், நகரத்து யூதர்களில் பெரும்பாலோரைத் துரத்தியும் நாடு கடத்தியும் முடித்த பிறகு, வெர்னர் கிராஸை ஷைலக்காக்கி அருவருப்பூட்டும் கேலியாக இதை மேடையேற்றினார்கள். அதே நாடகத்தில்தான் 1814இல் எட்மண்ட் கீன் ஷைலக்குக்கு மனித உருவம் கொடுத்தார், 1879இல் ஹென்றி இர்விங் அவருக்கு ஒரு கண்ணியம் கொடுத்தார். 2016இல் வெனிஸின் அந்த யூதக் குடியிருப்பிலேயே, அது உருவாகி 500 ஆண்டுகள் ஆனபோது, இதை நடித்தார்கள்.

பாடத்திலிருந்து எடுக்க வேண்டாம். போர்ஷியாவின் கருணைப் பேச்சை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லித் தேர்வில் மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை நான்காம் அங்கத்தை வகுப்பில் முழுதாக வாசிக்க வையுங்கள், ஷைலக்கின் அடிமைகள் பற்றிய பேச்சையும் ஒரு மாணவர் எழுந்து நின்று உரக்கப் படிக்கட்டும்.